கோழிக் கொல்லையில் சிந்தும் நீர்

"சிறு துளி பெரு வெள்ளம்" என்னும் பழமொழியைக் கூட்டுறவு அன்பர்கள் சிக்கனத்திற்கே எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். நாள்தோறும் சேமிக்கும் சிறு காசு ஆண்டு முடிவில் ஒரு தொகையாகத் திரளும் என்பது அதன் கருத்து. சேமிப்புக்குப் பொருந்தும் இக்கணக்கு நட்டத்திற்கும் அவ்வாறே பொருந்தும் என்பதை நாம் பல வேளைகளில் மறந்துவிடுகின்றோம். கொல்லையில் பத்துக் கோழிகள் வளர்க்கும் ஒரு குடும்பத்தில், அவற்றுக்கு வைத்த தண்ணீர்க் கலம் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தால், அதனை எவரும் ஒரு குறையாகக் கருதுவதில்லை. "தண்ணீர்தானே" என்று விட்டுவிடுகின்றனர். பின்னர்க் குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக மடியும்போது நோய் எங்கிருந்து வந்தது என்று கலங்குகின்றனர். அந்நோய்க்கு வழி திறந்துவிட்டது அந்த ஒழுக்கே எனப் பலருக்குத் தோன்றுவதில்லை.

நெசவாளர் இல்லங்களிலும் உழவர் இல்லங்களிலும் புறக்கடைக் கோழி வளர்ப்பு பெரும்பாலும் பெண்டிர் பொறுப்பிலேயே இருந்து வருகின்றது. பாவு கிடைக்காத நாட்களிலும், அறுவடைக்கு முந்திய கை வறண்ட நாட்களிலும், வீட்டின் சில்லறைச் செலவுகளைத் தாங்குவது முட்டை விற்ற காசேயாகும். அக்காசு குறையாதிருக்க வேண்டுமாயின் கோழி நிற்கும் தரை உலர்ந்திருத்தல் வேண்டும். ஆதலின், தண்ணீர்க் கலங்களில் உண்டாகும் கசிவையும் சிந்தலையும் எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு நீக்குவது என்பவற்றை இங்கே முறையாக எடுத்துக் கூற விழைகின்றோம்.

ஒரு சொட்டின் கணக்கு

விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் ஒரு கலத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளில் 86,400 விநாடிகள் உள்ளன. ஏறத்தாழ 20 சொட்டுகள் சேர்ந்தால் ஒரு மில்லி லிட்டர் ஆகும். எனவே ஒரு நாளில் ஒழுகும் நீர் 4 லிட்டருக்கும் மேற்பட்டதாகும்.

வளர்ந்த கோழி ஒன்று மிதமான வெப்பமுள்ள நாளில் ஏறத்தாழ 250 மில்லி லிட்டர் நீர் அருந்தும். கடுங்கோடையில் இவ்வளவு இரட்டிப்பாகவும் கூடும். பத்துக் கோழிகளுக்கு மிதமான நாளில் தேவைப்படுவது இரண்டரை லிட்டர் மட்டுமே. அதாவது, கோழிகள் குடிக்கும் நீரைக் காட்டிலும் தரை குடிக்கும் நீரே மிகுதி. குடிநீர் சில நாட்களுக்கு ஒரு முறையே வரும் ஊர்களில், தெருக்குழாயினின்று குடம் குடமாகச் சுமந்து வரும் தாய்மார்களுக்கு இக்கணக்கின் பொருளை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நனைந்த தரையின் தீங்கு

வீணாகும் நீரைவிட அது செய்யும் கேடு பெரிது. உமி, கடலைத்தோல், மரத்தூள், தென்னைநார்க் கழிவு ஆகியவற்றுள் எதனைத் தரையில் பரப்பினும், அக்கூளத்தின் ஈரம் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு வரையில் இருப்பது நலம். அதற்கு மிஞ்சி நனைந்தால் மூன்று வகைத் தீங்குகள் தொடர்கின்றன.

முதலாவது, இரத்தக் கழிச்சல் நோய். காக்சிடியா எனப்படும் நுண்ணுயிரின் வித்துகள் நோயுற்ற கோழியின் எச்சத்தோடு வெளிப்படுகின்றன. வெளிப்பட்ட உடனேயே அவை நோய் உண்டாக்கும் ஆற்றல் பெறுவதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாட்களில் அவ்வாற்றலைப் பெற்றுவிடுகின்றன. அவற்றைக் கொத்தித் தின்னும் குஞ்சுகள், அவற்றுள்ளும் மூன்று முதல் ஆறு வாரப் பருவத்தன, இரத்தம் கலந்து கழிந்து மடிகின்றன. இவ்வித்துகளின் ஓடு மிக உறுதியானது. வழக்கமாகத் தெளிக்கும் கிருமிநாசினிகள் அவற்றை எளிதில் அழிப்பதில்லை. உலர்ந்த தரையோ அவை முதிர்வதற்கே இடம் கொடுப்பதில்லை. வெதுவெதுப்பையும் காற்றையும் நாம் தடுக்க இயலாது. ஈரத்தை மட்டும் தடுக்க இயலும்.

இரண்டாவது, அம்மோனியா வாயு. எச்சம் ஈரத்தில் ஊறும்போது பாக்டீரியாக்கள் அதனைச் சிதைத்து இவ்வாயுவை உண்டாக்குகின்றன. காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் அது சேர்ந்தால் கோழியின் கண்ணும் மூச்சுக்குழலும் புண்படும். நின்றவாறு முகர்ந்து பார்த்து நாற்றம் இல்லை என்று முடிவு செய்தல் கூடாது. கோழி நிற்கும் உயரத்திற்குக் குனிந்து முகர்ந்து பார்த்தல் வேண்டும். கண் கரித்தால் கூளம் கெட்டுவிட்டது என்று அறிக. மேலும், நாள்தோறும் அங்கே புழங்குவோரின் மூக்கு அந்நாற்றத்திற்குப் பழகிவிடுமாதலால், அடுத்த வீட்டாரையும் ஒருமுறை முகரச் சொல்வது நன்று.

மூன்றாவது, கொசு. ஒழுகும் நீர் கலத்தடியிலோ பக்கத்துப் பள்ளத்திலோ தேங்கினால் ஒரு வாரம் பத்து நாட்களில் அதிலிருந்து புதிய கொசுக்கள் பறந்து வெளிவரும். கோழி அம்மை ஒரு கோழியிலிருந்து மற்றொன்றுக்குப் பரவுவதற்குக் கொசுக்கடியும் ஒரு காரணமாகும். அதே கொசுக்கள் வீட்டினுள் புகுந்து நம்மையும் கடிக்கும். குழித்தறியில் கால்களை இறக்கி நெடுநேரம் அமர்ந்து நெய்வோருக்கு அது எத்துணைத் தொல்லை என்பதை யாவரும் அறிவர்.

கசிவு வேறு, சிந்தல் வேறு

கலத்தைச் சுற்றித் தரை நனைந்திருக்கக் கண்டால், உடனே கலத்தைப் பழுது பார்க்கவோ புதியது வாங்கவோ முற்படுகின்றனர். இது தவறான முறை. தறியில் அறுந்த இழை எது என்று கண்ட பின்னரே நெசவாளர் முடிச்சிடுகின்றார். அதுபோலவே, நீர் தானாகக் கசிகின்றதா, கோழி சிந்துகின்றதா என்பதை முதலில் பிரித்தறிதல் வேண்டும். முன்னது கலத்தின் குறை. பின்னது பெரும்பாலும் கலத்தை வைத்த உயரத்தின் குறை, அல்லது வைத்த இடத்தின் குறை.

இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. மாலையில் கோழிகள் அடைந்த பின்னர்க் கலத்தை நிரப்பி, அதன் அடியில் உலர்ந்த பழைய செய்தித்தாளை விரித்து வைக்க. கோழிகள் கலத்தை அணுகாதவாறு அதன்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து விடுக. விடியற்காலையில் தாள் நனைந்திருந்தால் அது கசிவு. தாள் உலர்ந்திருந்து, பகலில் கோழிகள் புழங்கிய பின் மட்டும் தரை நனைந்தால் அது சிந்தல்.

இரவில் ஒழுகாமல் நண்பகலில் மட்டும், கோழிகள் அருகில் இல்லாதபோதும், நீர் வழிவதுண்டு. இது மூன்றாவது வகை. வெயிலால் நேரும் இவ்வழிதலைப் பின்னர் விளக்குவோம். ஆகவே கூடை கவிழ்த்த சோதனையை ஒரு நண்பகலிலும் செய்து பார்த்தல் தக்கது.

சிந்தலை நீக்கும் வழி

கோழி நீர் அருந்தும் முறையை அறிந்தால் சிந்தலின் காரணம் விளங்கும். புறா தன் அலகை நீரில் வைத்து உறிஞ்சிக் குடிக்க வல்லது. கோழிக்கு அத்திறன் இல்லை. அது அலகால் நீரை முகந்து, தலையை மேலே உயர்த்தி, நீரைத் தொண்டையில் இறங்கவிடுகின்றது. ஒவ்வொரு முறை தலையை உயர்த்தும்போதும் சில துளிகள் கீழே விழுதல் இயல்பே. கலம் தாழ்ந்திருந்தால் கோழி ஆழமாகக் குனிந்து முகந்து, நெடுந்தூரம் தலையை உயர்த்த நேரிடும்; வழியெல்லாம் நீர் சிந்தும். அன்றியும் தாழ்ந்த கலத்தில் கூளத்தைக் கிளறி இறைக்கும். கலத்தின் விளிம்பின்மேல் ஏறியும் நிற்கும்.

எனவே கலத்தின் விளிம்பு, நிற்கும் கோழியின் முதுகு மட்டத்திற்குச் சமமாக இருத்தல் வேண்டும். இஃது ஒன்றே பாதிச் சிந்தலை நிறுத்திவிடும். குஞ்சுகள் வளர வளர, வாரந்தோறும் ஒரு செங்கல்லோ பலகையோ வைத்து உயர்த்தி வருதல் வேண்டும். பெரிய கோழியும் குஞ்சும் ஒரே கொல்லையில் திரிந்தால் இரண்டு உயரங்களில் இரண்டு கலங்கள் வைப்பதே முறை.

கலத்தில் நீர் விளிம்பு வரை நிற்றல் கூடாது. அலகு நனையும் அளவுக்கு ஆழம் இருந்தால் போதும். விளிம்புக்குக் கீழே இரண்டு விரற்கடையேனும் இடைவெளி இருக்கட்டும். கலத்தின் உச்சியில் கோழி ஏறி அமர்வதாயின், அங்கே சரிவான கூம்பு ஒன்றைப் பொருத்துக. அல்லது கலத்தைக் கயிற்றால் தொங்கவிடுக. தொங்கும் கலம் ஊசலாடினால் அதுவே நீரைச் சிந்தும். ஆதலின் அடியிலும் ஒரு கயிறு கட்டி அதனை நிலைநிறுத்துதல் வேண்டும்.

இரண்டு கலங்களைக் கொல்லையின் இருவேறு மூலைகளில் வைப்பதும் பயன் தரும். ஒரே கலம் இருந்தால் வலிய கோழி எளியதை விரட்டும். அத்தள்ளுமுள்ளில் கலம் கவிழும்.

இவ்வளவும் செய்த பின்னரும் சில துளிகள் விழவே செய்யும். அவை கூளத்தில் விழாதவாறு, ஒரு முழ நீளமும் ஒரு முழ அகலமும் உள்ள ஆழமற்ற குழியில் சரளைக்கல் நிரப்பி, அதன்மேல் மரச்சட்டத்தில் அடித்த கம்பிவலையைப் பரப்பி, அவ்வலையின் மீது கலத்தை வைக்க. விழும் நீர் வலையினூடே இறங்கிச் சரளையில் மறையும். கோழியின் கால் அந்த ஈரத்தைத் தொடாது.

கவிழ்த்து வைக்கும் கலம்

இனிக் கசிவைப் பார்ப்போம். புறக்கடைகளில் மிகுதியாக வழங்குவது, வாளியையோ குடுவையையோ நீர் நிரப்பித் தட்டின்மேல் கவிழ்த்து வைக்கும் கலமாகும். நீர் நிறைந்த முகவையை அண்டா நீரினுள் அமிழ்த்தி, வாய் கீழாகத் தூக்கினால், முகவையின் வாய் நீருக்குள் இருக்கும் வரையில் அதனுள் இருக்கும் நீர் இறங்குவதில்லை. வெளிக்காற்று அண்டா நீரை அழுத்தி, முகவை நீரைத் தாங்கிக்கொள்ளுகின்றது. கவிழ் கலமும் இவ்விதிப்படியே இயங்குகின்றது. தட்டிலுள்ள நீர், கலத்தின் துளைக்குக் கீழே தாழ்ந்தால் துளை வழியே காற்றுக் குமிழி உட்செல்லும். அதே அளவு நீர் தட்டில் இறங்கும். நீர் மீண்டும் துளையை மூடியதும் இறக்கம் நின்றுவிடும். இவ்வமைப்பில் நேரும் குறைகள் நான்கு.

ஒன்று, துளை உயர்ந்திருத்தல். தட்டில் நீர் எப்போதும் துளையின் மேல்விளிம்பு மட்டத்திலேயே நிற்கும். துளை தட்டின் விளிம்பை விட உயரத்தில் இருந்தால், கலம் முழுவதும் வழிந்து தீரும். வீட்டில் தாமே வாளியில் துளையிட்டுக்கொள்வோர் துளையின் மேல்விளிம்பு, தட்டின் விளிம்புக்கு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் கீழே அமையுமாறு அளந்து இடுக. துளை உயரத்தில் அமைந்துவிட்டால், அதனை அடைத்துக் கீழே புதிய துளை இடுதல் வேண்டும். அல்லது உயர்ந்த விளிம்புள்ள தட்டை மாற்றுதல் வேண்டும்.

இரண்டு, தரை சாய்ந்திருத்தல். தட்டு சாய்ந்தாலும் நீர்மட்டம் சாய்வதில்லை. ஆகவே தாழ்ந்த பக்கத்து விளிம்பு துளையின் மட்டத்திற்குக் கீழே போய்விட்டால் அப்பக்கமாக நீர் வழிந்துகொண்டேயிருக்கும். கலம் நல்ல நிலையில் இருந்தும் ஒழுகுவதற்கு இதுவே பெரிதும் காரணம். சமமான கல்லோ பலகையோ இட்டு, அதன்மேல் தட்டை வைத்துச் சிறிது நீர் ஊற்றினால், நீர் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் நிற்கின்றதா என்பது தெரிந்துவிடும். முற்றும் சமன் செய்ய இயலாத இடத்தில், துளை தாழ்ந்த பக்கத்தை நோக்கியிருக்குமாறு கலத்தைத் திருப்பி வைத்தால் வழிதல் பெரும்பாலும் நிற்கும்.

மூன்று, கலத்தில் கீறலோ ஊசித்துளையோ இருத்தல். கலத்தின் மேற்பகுதியில் மயிரிழைக் கீறல் இருப்பினும் அதன் வழியே காற்று உட்புகும். காற்று புகப் புக நீர் இறங்கித் தட்டு நிரம்பி வழியும். இதில் ஒரு புதுமை யாதெனில், கீறல் இருக்கும் இடத்தில் ஈரமே காணப்படாது, ஒழுகுவது வேறிடத்தில். எனவே பலர் தட்டையே குறை கூறுவர். கீறலைக் கண்டுபிடிக்க, வெறுங்கலத்தை வாய் கீழாகப் பெரிய தொட்டி நீரில் அமிழ்த்துக. மிதிவண்டி டியூபில் பஞ்சர் பார்ப்பது போல, குமிழி கிளம்பும் இடத்தில் கரிக்கோடிட்டு, உலர்த்திய பின் அடைத்துவிடலாம்.

நான்கு, வெயில். கலம் பாதி காலியானபின் அதனுள் காற்று நிறைந்திருக்கும். 10 லிட்டர் கலத்தில் 5 லிட்டர் காற்று இருப்பதாகக் கொள்வோம். காலையில் 27 பாகை வெப்பத்தில் இருந்த அக்காற்று நண்பகல் வெயிலில் 42 பாகையை அடைந்தால், இருபதில் ஒரு பங்கு, அதாவது கால் லிட்டர் விரியும். நீராவியும் உடன் சேர்வதால் விரிவு இன்னும் மிகும். விரிந்த காற்று அவ்வளவு நீரையும் வெளியே தள்ளும். தட்டில் இடமில்லையெனில் அது வழியும். முன்னர்க் கூறிய நண்பகல் வழிதல் இதுவே. கலத்தை நிழலில் வைப்பதும், நண்பகலுக்கு முன் ஒருமுறை கலத்தை மீண்டும் நிரப்பி உள்ளிருக்கும் காற்றைக் குறைப்பதும், நனைத்த சாக்கைச் சுற்றுவதும் இதற்குப் பரிகாரம். கோழிக்குக் குளிர்ந்த நீர் கிடைப்பது இதனால் வரும் மற்றொரு நன்மை.

மண்பானையைக் கவிழ்த்து வைப்போர் ஒன்று அறிதல் வேண்டும். பானையின் மேற்புறம் வியர்ப்பது கசிவு அன்று. சுட்ட மண்ணின் நுண்துளை வழியே ஊறும் நீர் ஆவியாகி, உள்ளே இருக்கும் நீரைக் குளிர்விக்கின்றது. பானையிலிருந்து நீர் திரண்டு சொட்டினால் மட்டுமே அதில் கீறல் உண்டென ஐயுறுதல் வேண்டும்.

குழாயும் நிப்பிளும்

நாமக்கல் வட்டாரத்துப் பெரும் பண்ணைகளில் வழங்கும் நிப்பிள் முறை இப்போது புறக்கடைகளுக்கும் வந்துவிட்டது. வாளியின் அடியிலோ பி.வி.சி. குழாயிலோ நிப்பிளைப் பொருத்திவிட்டால், கோழி அதன் ஊசியைக் கொத்தும்போது மட்டும் நீர் வரும். எச்சம் நீரில் விழுவதில்லை என்பது இதன் சிறப்பு. ஆயினும் சரியாகப் பொருத்தாவிடில் இதுவே ஓயாமல் சொட்டும்.

சொட்டும் நிப்பிளைக் கண்டால் முதலில் அது ஊசிமுனையில் சொட்டுகின்றதா, மரையைச் சுற்றிக் கசிகின்றதா என்று துணியால் துடைத்துவிட்டுப் பார்க்க.

ஊசிமுனையில் சொட்டினால் உள்ளே மணலோ பாசியோ உப்புப் படிவோ சிக்கியிருத்தல் கூடும். ஊசியை விரலால் பலமுறை அசைத்து நீரை ஓடவிட்டால் மணல் வெளியேறிவிடும். ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரால் வெண்படிவு ஏற்பட்டிருந்தால், நிப்பிளைக் கழற்றிக் காடியிலோ எலுமிச்சைச் சாற்றிலோ சில மணி நேரம் ஊறவைத்துக் கழுவுக. காடியையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருங்கே சேர்த்தல் ஆகாது. நச்சு வாயு எழும். மணலைத் தடுக்க, வாளியின் வாயில் நெருங்க நெய்த துணியைக் கட்டி நீரை வடித்து ஊற்றுக. இதற்குரிய துணி நம் இல்லங்களில் எளிதில் கிடைக்கும். பாசியைத் தடுக்க, வெளிச்சம் ஊடுருவாத வாளியையும் குழாயையும் பயன்படுத்துக.

நிப்பிள் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருந்தால் ஊசி தன் இருப்பில் சரியாகப் பொருந்தாது, அதனாலும் சொட்டும். குழாய் நடுவே தொய்ந்தால் நிப்பிள்களும் சாயும். ஆதலின் குழாயை அரை மீட்டருக்கு ஒரு தாங்கல் வைத்து மட்டமாக நிறுத்துதல் நலம்.

நீரின் அழுத்தம் மிகுந்தாலும் தொல்லையே. நீர்மட்டம் ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்திற்கும் ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் அழுத்தம் தரும். மாடியில் உள்ள தொட்டியிலிருந்து நேரே இணைத்தால் அழுத்தம் அளவுக்கு மிஞ்சிப் பீறிடும். கோழி குடிப்பதைவிடச் சிந்துவதே மிகும். இடையே, நிப்பிளுக்கு மேல் இரண்டு மூன்று அடி உயரத்தில் ஒரு வாளியை வைத்து, அதில் மிதவை வால்வு பொருத்தி, அவ்வாளியிலிருந்தே குழாய்க்கு நீர் விடுதல் வேண்டும்.

மிதவை வால்வே ஒழுகினால், மிதவையைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்க. உள்ளே நீர் சலசலத்தால் மிதவை ஓட்டையானது, அதனை மாற்றுக. சலசலப்பு இல்லையெனில் வால்வின் வாயிலுள்ள ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். வாஷரின் விலை சொற்பம். அதனை மாற்றாமல் முழு வால்வையும் வாங்குவது வீண் செலவு.

நிப்பிளின் உயரம், கோழி பாதங்களைத் தரையில் ஊன்றிக் கழுத்தை மேல்நோக்கி நீட்டிக் குடிக்குமாறு அமைதல் வேண்டும். தாழ்ந்திருந்தால் பக்கவாட்டில் கொத்தும். நீர் அலகில் விழாமல் தரையில் விழும்.

பழுது பார்க்கும் முறை

மரையைச் சுற்றிக் கசிந்தால், நிப்பிளைக் கழற்றி மரையை உலரத் துடைத்து, டெஃப்ளான் நாடாவை மூன்று முதல் ஐந்து சுற்றுச் சுற்றுக. மரையின் முனை நம்மை நோக்கியிருக்க, கடிகார முள் செல்லும் திசையில் சுற்றுதல் வேண்டும். மாறிச் சுற்றினால் திருகும்போது நாடா உரிந்துவிடும். முற்காலத்தில் நூலைச் சுற்றி, அதன்மேல் வெள்ளைப் பூச்சோ செந்நிறப் பூச்சோ தடவும் வழக்கம் இருந்தது. அப்பூச்சுகளில் ஈயம் கலந்திருப்பதுண்டாதலின் அவை குடிநீர்க் குழாய்க்கு ஆகா. வெறும் நூல் நீரில் உப்பிக் கசிவைச் சில நாள் அடைக்குமெனினும் விரைவில் மக்கிவிடும். அவசரத்திற்கு மட்டுமே அதனைக் கொள்ளலாம்.

பி.வி.சி. இணைப்பில் கசிந்தால் நீரை வடித்து, இணைப்பை நன்கு உலர்த்திய பின்னரே பசை பூசுதல் வேண்டும். ஈரத்தின்மேல் பூசிய பசை நிலைக்காது. பசை இறுகிய பின் குழாயினுள் நீர் விட்டு இருமுறை கழுவிக் கொட்டிவிட்டு, அதன் பின்னரே கோழிக்குத் திறந்துவிடுக.

வாளியின் கீறலை எம்-சீல் போன்ற இருபகுதிப் பசையால் அடைக்கலாம். கீறலைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, இருபகுதிகளையும் நிறம் ஒன்றாகும் வரை பிசைந்து, வெளிப்புறத்தில் மட்டும் அழுத்திப் பூசுக. முழுதும் இறுக ஒரு நாள் விடுக. வெயிலில் கிடந்து மக்கிய வாளியில் ஒரு கீறலை அடைத்தால் அடுத்த கீறல் தோன்றும். அத்தகைய வாளியைக் கோழிக்கு வையாமல் மண் அள்ளப் பயன்படுத்துவதே சிக்கனம். பூச்சிமருந்தோ சாயப்பொருளோ இருந்த டப்பாக்களை எவ்வளவு கழுவினாலும் தண்ணீர்க் கலமாக்குதல் கூடாது. உழவர் வீட்டிலும் சாயமிடுவோர் வீட்டிலும் இது குறித்து மிகுந்த விழிப்பு வேண்டும்.

மருந்து கலக்கும் நாள்

கசிவின் நட்டம் மிகத் தெளிவாக வெளிப்படுவது தடுப்பு மருந்து கொடுக்கும் நாளில்தான். ராணிக்கேட் நோய் எனப்படும் வெள்ளைக் கழிச்சலுக்கு எதிரான லசோட்டா தடுப்பு மருந்தைக் குடிநீரில் கலந்து கொடுப்பதுண்டு. கோழிகளைச் சிறிது நேரம் தாகத்தோடு வைத்திருந்து, கால்நடை மருத்துவர் கூறும் அளவில் மருந்தைக் கலந்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குள் எல்லாக் கோழியும் குடிக்குமாறு செய்தல் வேண்டும். மருந்தில் உயிருள்ள கிருமி இருப்பதால் குளோரின் கலந்த குழாய்நீரை அதற்குப் பயன்படுத்துதல் கூடாது.

அன்று கலம் ஒழுகினால் தரையில் போவது வெறும் நீரன்று. கோழியின் காப்பே தரையில் போகின்றது. எல்லாக் கோழிக்கும் மருந்து கொடுத்துவிட்டோம் என்று நாம் நம்பியிருப்போம். போதிய மருந்து பெறாத கோழியோ நோய்க்குத் திறந்த வாயிலாக நிற்கும். ஆகவே மருந்து கொடுப்பதற்கு முந்திய இரவில், மேலே கூறிய செய்தித்தாள் சோதனையைத் தவறாது செய்தல் வேண்டும்.

நனைந்த கூளத்தை என் செய்வது?

ஒழுக்கை நிறுத்தியபின் நனைந்த கூளத்தை அப்படியே விட்டுவிடலாகாது. ஒரு கைப்பிடி அள்ளி இறுகப் பிடித்து விடுக. உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. சற்றே பிடித்து, பின் மெல்ல உதிர்ந்தால் நல்ல பதம். தூசியாகப் பறந்தால் மிகவும் உலர்ந்தது. உருண்டையாக நிற்கும் பகுதியை முற்றும் வாரி எடுத்து எருக்குழியில் இட்டு, அவ்விடத்தில் உலர்ந்த கூளத்தைப் பரப்புக. கட்டி தட்டிய கூளத்தைக் காயட்டும் என்று கிளறிவிட்டால், அதனுள் அடங்கியிருந்த அம்மோனியா ஒருங்கே கிளம்பும். எனவே அவ்வேளையில் கோழிகளை வெளியே விடுதல் நன்று. வாரிய கூளம் மக்கியபின் காய்கறிப் பாத்திக்கு நல்ல உரமாகும்.

நாளும் வாரமும்

இவற்றையெல்லாம் நினைவில் வைத்தல் கடினம் என்று மலைக்க வேண்டுவதில்லை. நாள்தோறும் காலையில் கலத்தைத் தேய்த்துக் கழுவி நிரப்பும்போதே, அதன் அடித்தரையைக் கையால் தொட்டுப் பார்க்க. வாரம் ஒருமுறை கோழியின் முதுகோடு கலத்தின் விளிம்பை ஒப்பிட்டு உயரத்தைத் திருத்துக. மாதம் ஒருமுறை இரவுச் சோதனை செய்க. கோடை தொடங்குமுன் கலத்தை நிழலுக்கு மாற்றுக. நாளொன்றுக்கு ஊற்றிய நீரின் அளவைச் சுவரில் குறித்து வருவதும் நன்று. கோழிகளின் தொகையும் வெயிலும் மாறாதிருக்க நீர்ச்செலவு மட்டும் ஏறினால் எங்கோ ஒழுகுகின்றது; நீர்ச்செலவு திடீரெனக் குறைந்தால் கோழிக்கு நோய் வந்திருக்கலாம், அல்லது நிப்பிள் அடைத்திருக்கலாம்.

வாஷர், நாடா, நிப்பிள், பசை முதலிய பொருள்கள் தனித்தனியே வாங்கும்போது விலை கூடும். சிற்றூர்க் கடைகளில் கிடைப்பதும் அரிது. ஒரு தெருவிலுள்ள பத்து உறுப்பினர்கள் ஒன்றுகூடி மொத்தமாக வாங்கிச் சங்கத்திலேயே வைத்துக்கொண்டால், எவர் வீட்டில் கலம் ஒழுகினும் அன்றே பழுது நீக்கலாம். பழுது பார்க்கப் பழகிய ஒருவர், தெரியாத ஒருவருக்குக் கற்பித்தலும் கூட்டுறவே. அவ்வாறு கற்பிக்கும்போது கொல்லைப் பொறுப்பை ஏற்றிருக்கும் பெண்டிருக்கே முதலில் கற்பித்தல் வேண்டும். திருப்புளியும் நாடாவும் அவர்கள் கையில் இருந்தால், ஒழுக்கைக் கண்ட அன்றே அதனை நிறுத்திவிடுவர். ஆடவர் தறியை விட்டு எழும் வரையில் தரை நனைந்துகொண்டிருக்க வேண்டுவதில்லை.